அண்ணன் வேண்டாம் என்ற மனு

வான்மதி வேலை செய்யும் மருந்துக் கம்பெனி அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துப் பிஸ்கட்டவேயில் இருக்கிறது. ஒரு புது மாத்திரை கடைக்கு வருவதற்கு முன்னால் அது பாதுகாப்பானது என்று அரசாங்கத்துக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். அந்த நிரூபணத்தைத் தொகுத்து எழுதும் பிரிவில்தான் அவருக்கு வேலை. ஒரு வரி எழுதினால் அதற்கு ஆதாரம் எங்கே என்று உடனே காட்டியாக வேண்டும். "தெரிகிறது", "இருக்கலாம்" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். பல வருடப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கணவர் ஜெயபிரகாஷ், "பால் தீர்ந்துபோச்சுன்னு நினைக்கிறேன்" என்றால், "நினைக்கிறீங்களா, பாத்தீங்களா?" என்று கேட்பார்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர்கள் வீடு. நான் அறிந்தவரை, போராட்டம், ஊர்வலம், பதாகை என்று எதிலும் அவர் இருந்ததில்லை. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சமையல் கமிட்டியில் இருப்பார். அவ்வளவுதான்.

அவருடைய ஊர் காங்கேயத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அப்பா அம்மா இப்போது இல்லை. ஊர் என்றால் அவருக்கு அண்ணன் கந்தசாமியும், அண்ணன் மனைவி சாந்தியும்தான். கந்தசாமி மோட்டார் பம்ப்செட் மெக்கானிக். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால், ஊரை ஒட்டி வந்த கல் குவாரி அனுமதிக்கு மேல் ஆழமாகத் தோண்டுகிறது என்பதை முதலில் கவனித்தவரும் அவர்தான். வெடி வைக்கும்போதெல்லாம் சுவர்கள் விரிசல் விட்டன. தென்னை ஓலைகளில் வெள்ளைத் தூசி படிந்து கிடந்தது. கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. கந்தசாமி தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அதை வைத்துக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்.

இதையெல்லாம் அவர் ஞாயிற்றுக்கிழமை போனில் தங்கையிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். வான்மதியும் கேட்டுக்கொள்வார். அண்ணனுக்கு ஏதோ ஒரு வம்பு எப்போதும் வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

அவரை இந்த விஷயத்துக்குள் முதலில் இழுத்தது அண்ணன் அல்ல, டெல்மி.

டெல்மி அதே கம்பெனியில் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். குவாத்தமாலா நாட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். இருவரும் மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். வான்மதி கொண்டுபோகும் புளிசாதம் டெல்மிக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரில் அவள் அப்பா, ஆற்றை மறித்து அணை கட்ட வந்த ஒரு கம்பெனியை எதிர்த்துக் கிராமத்தைத் திரட்டியவர். முந்தின நாள் அவர் வீட்டுக் கதவில் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"போலீஸ்ல சொல்லலையா?" என்று வான்மதி கேட்டார்.

சுட்டவர்களில் ஒருவன் அந்த ஊர்ப் போலீஸ்காரரின் தம்பி என்றாள் டெல்மி.

உள்ளூரில் நியாயம் கிடைக்காதபோது போக அவர்களுக்கு இன்னோர் இடம் இருந்தது. வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்து ஏற்படுத்திய மனித உரிமை ஆணையம் ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. ஒருவர் உயிருக்கு உடனடி ஆபத்து என்று காட்டினால், அவரைப் பாதுகாக்கச் சொல்லி அந்த ஆணையம் அந்த நாட்டு அரசாங்கத்தைக் கேட்கும். டெல்மிக்காக அந்த மனுவைத் தயாரித்துக்கொண்டிருந்தவர் நியூஜெர்சி சட்டக் கல்லூரி ஒன்றில் இலவச உதவிப் பிரிவு நடத்தும் வக்கீல் ரெனாட்டா. ஆபத்து கடுமையானது, அவசரமானது, நடந்துவிட்டால் சரிசெய்ய முடியாதது. இந்த மூன்றையும் ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

"ஆதாரத்தோட காட்டணும்னா, அது என் வேலை ஆச்சே," என்றார் வான்மதி.

அப்படித்தான் அவர் சனிக்கிழமைகளில் ரெனாட்டாவின் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். டெல்மி மொழிபெயர்ப்பாள். மிரட்டல் வந்த வரிசை, சாட்சி சொன்னவர் யார், படம் எடுத்தது யார், எந்த இடம் என்று வான்மதி ஒவ்வொன்றையும் கோத்து வைப்பார். மாத்திரைக்குச் செய்வதையே மனிதருக்குச் செய்தார். சில மாதங்களில் ஆணையம் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லிவிட்டது. டெல்மியின் அப்பா வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். அவர்கள் பாதி நேரம் நாற்காலியில் தூங்கினார்கள் என்று டெல்மி சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் சுடவில்லை. இவரைத் தொட்டால் வெளியே தெரிந்துவிடும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

சாந்தியின் போன் வந்தபோது வான்மதி காரில் இருந்தார். பார்சிப்பனியில் ஒரு மீட்டிங்குக்காகக் காலை டிராபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

"அம்மிணி, பதறாத. உங்கண்ணன் உசிரோட இருக்கறாரு," என்றுதான் சாந்தி ஆரம்பித்தார்.

கந்தசாமி பைக்கில் வந்துகொண்டிருந்தபோது ஒரு டிப்பர் லாரி அவரை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. லாரிக்கு நம்பர் பிளேட் இல்லை. போலீசில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

"விபத்தா நங்கையா?" கொங்குப் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"திரும்பி வந்துச்சாம். தள்ளிப்போட்டு, நின்னு, மறுபடி பின்னால வந்துச்சாம். புளியமரம் இருந்ததால மேல ஏறல. இதுக்குப் பேரு விபத்தா?"

வான்மதி அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினார். மீட்டிங்குக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக ரெனாட்டாவைக் கூப்பிட்டார். டெல்மியின் அப்பாவுக்குச் செய்த அதே மனுவை அண்ணனுக்கும் போட வேண்டும், ஆதாரம் எல்லாம் இருக்கிறது, இந்த வாரமே எழுதி முடித்துவிடுவேன் என்றார்.

 வாஷிங்டன் ஆணையம் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டும்தான், இந்தியா அதில் வராது என்றார் ரெனாட்டா.

"சரி, ஆசியாவுக்கு எது?"

ஆசியாவுக்கு அப்படி எதுவும் இல்லை என்றார் ரெனாட்டா. ஐரோப்பாவுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கும் இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகள் சில சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருக்கின்றன, ஆனால் தனி மனிதர் கொடுக்கும் புகாரை விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை. இந்தியா அதிலும் இல்லை.

"அப்ப, நியூஜெர்சியில உக்காந்திருக்கற எனக்கு ஒண்ணுன்னா நான் வாஷிங்டன்ல மனு போடலாம். எங்கண்ணனுக்குப் போட முடியாது. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றார் ரெனாட்டா.

வான்மதி பின்னாளில் என்னிடம் சொன்னார்: அன்று லாரிக்காரன் மேல் வந்த கோபத்தைவிட உலக வரைபடத்தின் மேல் வந்த கோபம்தான் அதிகம். இரண்டு கிராமங்கள். இரண்டிலும் தண்ணீர் போகிறது. இரண்டிலும் அதைக் கேட்டவரை அடிக்க ஆள் வருகிறது. ஒருவருக்குப் போக இடம் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. இருவரும் செய்த காரியத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பிறந்த கண்டம் மட்டும்தான் வேறு. உலகத்தில் பாதிக்கு மேல் மக்கள் வாழும் கண்டத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று இத்தனை நாள் தனக்குத் தோன்றவே இல்லையே என்றும் அவருக்குப் பட்டது.

ரெனாட்டா வேறு வழிகளைச் சொன்னார். தில்லியில் தேசிய மனித உரிமை ஆணையத்தில், இப்படி மற்றவர்களுக்காகப் பேசி ஆபத்தில் மாட்டுகிறவர்களைக் கவனிக்கத் தனியாக ஓர் அதிகாரி உண்டு. ஐ.நா.வில் இதற்கென்று நியமிக்கப்பட்ட நிபுணர்களுக்கு எழுதலாம். அவர்கள் அரசாங்கத்திடம் விளக்கம் கேட்பார்கள். ஆசிய நாடுகளின் மனித உரிமை அமைப்புகள் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அரசாங்கங்கள் செய்யாததை இவர்கள் தங்களால் முடிந்த அளவு செய்கிறார்கள். வக்கீல் அனுப்புவார்கள், சில மாதம் பாதுகாப்பான இடத்தில் தங்க வைப்பார்கள். குவாரி விஷயத்துக்குச் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஜெயபிரகாஷிடம் சொன்னபோது அவர் காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"மதி, நீ இப்ப அமெரிக்கன் சிட்டிசன். இந்தியா விஷயத்துல ஐ.நா.வுக்கு லெட்டர் எழுதினா, ஓ.சி.ஐ. கார்டைக் கேன்சல் பண்ணிட்டாங்கன்னா? அப்புறம் ஊருக்கே போக முடியாது."

"பண்ணுவாங்களா?"

"தெரியாது. ஆனா பண்ணிட்டா என்ன பண்ணுவே?"

வான்மதியால் இதற்கு ஆதாரம் கேட்க முடியவில்லை. விசா இல்லாமல் ஊருக்குப் போய்வர அந்தக் கார்டுதான் வழி, அந்தப் பயம் அவருக்குள்ளும் இருந்தது.

இருந்தும் எழுதினார். ஆஸ்பத்திரி அறிக்கை, புளியமரத்தின் படம், முன்பு வந்த மிரட்டல் போன்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள் எல்லாவற்றையும் சாந்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வான்மதி வரிசைப்படுத்தினார். ஐ.நா.வுக்கான மனு அவர் தன் தொழில் வாழ்க்கையிலேயே சிறப்பாக எழுதிய ஒன்று என்று சொல்லலாம். ஒரு வரியில்கூட "இருக்கலாம்" இல்லை. ரெனாட்டா படித்துவிட்டுத் திருத்த எதுவும் இல்லை என்றார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அண்ணனுக்குச் சந்தோஷமாகப் போன் செய்தார்.

கந்தசாமி கடைசி வரை கேட்டார்.

"வேண்டாங் கண்ணு," என்றார்.

"என்னண்ணா வேண்டாம்?"

"இத அனுப்ப வேண்டாம்."

"ஏன்?"

"நீ அமெரிக்காவுல இருந்து எழுதினன்னு தெரிஞ்சா இங்க என்ன பேசுவானுங்க? அங்க தங்கச்சி கயித்தை இழுக்கறா, இங்க அண்ணன் ஆடறான்னு சொல்லுவானுங்க. வெளிநாட்டுக் காசும்பானுங்க. அப்பறம் கெணத்துத் தண்ணியப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். எல்லாரும் என்னையப் பத்தித்தான் பேசுவான். நான் எங்கூர்த் தண்ணிக்குத்தானே பேசறேன். அத அங்க தூக்கிட்டுப் போயிராத."

"உன்னக் கொல்லப் பாத்திருக்கானுங்கண்ணா!"

"கொல்லலல்ல. போச்சாது, உடு."

வான்மதி கத்தினார். கந்தசாமியும் கத்தினார். நீ அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வழி சொல்லாதே என்றார். போனை யார் முதலில் வைத்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அந்த வார இறுதியில் காலேஜிலிருந்து மகள் தீக்ஷா வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். வான்மதி அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் கையெழுத்து இல்லாமலே, தங்கை என்ற முறையில் தான் அனுப்பலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார்.

"பட் அம்மா, வாட் டஸ் மாமா வான்ட்?" என்று கேட்டாள் தீக்ஷா.

"அவருக்குத் தன்னைப் பத்திக் கவலையே இல்லடி. அவரு வேண்டாம்பாரு."

"தட்ஸ் நாட் வாட் ஐ ஆஸ்க்ட்."

வான்மதிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மனுவை எடுத்து முதலிலிருந்து படித்தபோது ஒன்று தென்பட்டது. எல்லா வரிக்கும் ஆதாரம் இருந்தது. அண்ணன் என்ன கேட்கிறார் என்று சொல்ல ஒரு வரி இல்லை. அவருக்கு என்ன நடந்தது என்பது இருந்தது, அவருக்கு என்ன வேண்டும் என்பது இல்லை. டெல்மியின் அப்பா விஷயத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் சேர்த்தார்கள். சொந்த அண்ணன் என்றதும் அந்த நினைப்பே வரவில்லை.

அவர் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்த அந்த நாட்கள்தான் கஷ்டம் என்பார். காலையில் எழுந்ததும் ஊரிலிருந்து ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று பயந்துகொண்டே போனை எடுப்பார். அந்த நாட்களில் ஏதாவது நடந்திருந்தால், அனுப்பாத மனு தன்னைச் சாகும்வரை விட்டிருக்காது என்று அவருக்குத் தெரியும். அண்ணனை மதிப்பதற்கும் கைவிடுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாரிடம் கேட்பது?

அண்ணனுக்குப் போன் செய்யாமல் நங்கையாவுக்குச் செய்தார்.

"அவரு ஒத்துக்க மாட்டாரு அம்மிணி," என்றார் சாந்தி. "ஆனா அவரு உசிரு அவருக்கு மட்டுமா சொந்தம்? எனக்கும் ஒரு பேச்சு இருக்குதல்ல? வெளிநாடுங்கறதுதானே அவருக்கு வேப்பங்காயா இருக்குது. நம்ம நாட்டு ஆளு யாராச்சும் இருந்தா வரச் சொல்லு. ஊட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பேசட்டும்."

வான்மதி அந்த ஆசியக் கூட்டமைப்புக்கு எழுதினார். பாங்காக்கில் இருந்த ஒரு பெண் பதில் போட்டார். உங்கள் அண்ணன் சில மாதம் வேறு ஊரில் தங்க ஏற்பாடு செய்ய முடியும் என்றார். அதற்கு முன் சென்னையிலிருந்து தங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார் என்றார்.

அந்த வக்கீல் பெயர் பர்வதம். ஐம்பது வயதைத் தாண்டியவர். காங்கேயத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, டவுன் பஸ் பிடித்து வந்து இறங்கினார். சாந்தி செய்த கொள்ளுப்பருப்பும் ரசமும் சாப்பிட்டார். கந்தசாமியோடு கிணறுகளைப் போய்ப் பார்த்தார். கட்டுப்போட்ட காலோடு கந்தசாமி தாங்கிக்கட்டையில் அவர் பின்னால் நடந்து போனாராம். சாயங்காலம், வேறு ஊருக்குப் போகிறீர்களா என்று பர்வதம் கேட்டபோது, போக மாட்டேன் என்றார். பர்வதம் வற்புறுத்தவில்லை.

"சரி, போக வேண்டாம். அப்ப இங்கயே உங்களை எப்படிக் காப்பாத்திக்கறதுன்னு பேசலாம். ஊர்ல இன்னும் எத்தன பேரு உங்க கூடப் பேசத் தயாரா இருக்காங்க?"

கந்தசாமிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதன் பிறகு அவர் எங்கும் தனியாகப் போகவில்லை. ரிப்பேருக்குப் போனால் தோட்டக்காரரே வந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டு வந்து விட வேண்டும். கலெக்டர் ஆபீசுக்குக் கொடுக்கும் மனுவில் அவர் பெயர் முதலில் வராது, ஊர்ப் பெண்கள் பெயர்கள்தான் முதலில் வரும். ஒருவரை அடித்தால் முடிந்துவிடும் என்ற நிலையை மாற்ற வேண்டும் என்றார் பர்வதம். தில்லி ஆணையத்துக்குச் சாந்தியும் ஊர்ப் பெண்களும் கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பினார்கள். தீர்ப்பாயத்தில் வழக்கைப் பர்வதம் தாக்கல் செய்தார். கந்தசாமி இதற்கெல்லாம் சரி என்றார். ஐ.நா. மட்டும் வேண்டாம்.

குவாரிக்காரர்கள் அதைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்காக ஊர் மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. வான்மதி டிக்கெட் போட்டார். விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது ஜெயபிரகாஷ், "நான் பயந்தது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா நீ போகாம இருந்தா அதுதான் தப்பு. மைக்கை மட்டும் கைல வாங்காத," என்றார்.

வாங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பெண்கள் வரிசையில், சாந்தியின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். மேடையில் அதிகாரிகள், வெளியே போலீஸ் வேன். கந்தசாமி தாங்கிக்கட்டையை நாற்காலியில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டு பேசினார். எந்தக் கிணற்றில் எந்த வருடம் தண்ணீர் எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்று மட்டும் சொன்னார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் உட்கார்ந்ததும் பின் வரிசையில் இருந்து குவாரி ஆள் ஒருவர் எழுந்தார்.

"இதெல்லாம் இவங்களாப் பேசல சார். அமெரிக்காவுல இருந்து ஆள் எறக்கியிருக்காங்க. பாருங்க, அங்க உக்காந்திருக்கு," என்று வான்மதியைக் கைகாட்டினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணன் அன்று போனில் சொன்ன அதே பேச்சு.  வான்மதிக்கு அந்த நேரம் அண்ணனைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

சாந்தி எழுந்தார். அவர் மேடைப் பக்கம் பார்க்கவில்லை, அந்த ஆளைத்தான் பார்த்தார்.

"ஏப்பா, அது எம்பட நாத்தனா. இந்த ஊர்ல பொறந்தவ. அண்ணன் கால் ஒடஞ்சு கெடக்கறாருன்னு பாக்க வந்திருக்கறா. நாத்தனா ஊட்டுக்கு வாரதுக்கு உங்க குவாரியில பர்மிட் வாங்கோணுமா?"

மண்டபம் சிரித்தது. மேடையில் ஓர் அதிகாரியும் சிரித்தார். அடுத்து ஒரு பெண் எழுந்து தன் வீட்டுச் சுவர் விரிசலைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்து இன்னொருவர். அந்தக் கூட்டத்தில் அன்று பெண்களே அதிகம் பேசினார்கள்.

சாயங்காலம் வீட்டில் காபி குடிக்கும்போது கந்தசாமி திடீரென்று, "அந்த ஐ.நா. பேப்பரைக் கொண்டுவந்திருக்கறயா?" என்று கேட்டார்.

"லேப்டாப்ல இருக்குது. ஏண்ணா?"

"எத அனுப்பினாச் சொல்லுவான்னு நெனச்சனோ, அத அனுப்பாமயே சொல்லிப்போட்டான். சொன்னதுக்கு ஊரும் சிரிச்சுப்போட்டுது. இனி என்ன? படி, கேக்கறேன்."

வான்மதி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். கந்தசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லாரி பின்னால் வந்த இடத்தில் ஒரு விவரத்தைத் திருத்தினார். "தொடர்ந்து அச்சத்தில் வாழ்கிறார்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அத எடு. நான் பயப்படல."

"நங்கையா பயப்படறாங்களேண்ணா."

"அப்ப அவ பேர்ல போடு."

சாந்தி அடுப்படியில் இருந்தே, "போடு அம்மிணி, போடு. எனக்கொண்ணும் வெக்கமில்ல," என்றார்.

கடைசியில் ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்தது. என்ன வேண்டும் என்று கந்தசாமியே சொல்ல, வான்மதி எழுதினார். போலீஸ் காவல் வேண்டாம். லாரி வழக்கை ஒழுங்காக விசாரிக்க வேண்டும். குவாரி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்னால் அளக்க வேண்டும். அளந்ததைப் பஞ்சாயத்து போர்டு சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

அப்படியே மனுவை அனுப்பினார்கள். இது எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. தில்லி ஆணையம் மாவட்டப் போலீசிடம் அறிக்கை கேட்டது. அதற்குப் பிறகு விபத்து வழக்கு கொலை முயற்சி வழக்காக மாறியது. லாரியை ஓட்டியவன் பிடிபட்டான், ஓட்டச் சொன்னது யார் என்பது வழக்கில் இன்னும் எழுதப்படவில்லை. தீர்ப்பாயம் ஆட்களை அனுப்பி அளக்கச் சொன்னது, அதுவரை வெடி வைக்கக் கூடாது என்றது. குவாரிக்காரர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். ஐ.நா. நிபுணர்கள் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் இணையத்தில் வெளியாகியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை பதில் எதுவும் வரவில்லை. அந்தக் கடிதத்தில் அண்ணன் பெயர் சரியான எழுத்துகளில் இருக்கிறது என்பதை வான்மதி ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்த்தார். கந்தசாமி இப்போது லேசாக நொண்டி நடக்கிறார். அவரைத் தனியாகப் பைக்கில் போக ஊர் இன்னும் விடுவதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு என்று போனில் குறைப்படுகிறார். வான்மதியின் ஓ.சி.ஐ. கார்டுக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை. ஆகாது என்று யாரும் உறுதி சொல்லவும் இல்லை.

அவர் இன்னும் சனிக்கிழமைகளில் ரெனாட்டாவின் ஆபீசுக்குப் போகிறார். வாஷிங்டன் ஆணையத்தில் ஒரு விசாரணை நடந்தபோது டெல்மியோடு போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் அரசாங்கத்தின் ஆட்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பெயர் சொல்லி, கேள்வி கேட்டார்கள். பதில்கள் மழுப்பலாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்த மேசை இருந்தது, அதன் எதிர்ப்பக்க நாற்காலியில் அரசாங்கம் வந்து உட்கார வேண்டியிருந்தது. அப்படி ஒரு மேசை தன் கண்டத்தில் எந்த ஊரிலும் இல்லை என்பதை அன்று தன்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று திரும்பி வந்த மறுநாள் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு வாங்கும் வேலையைத் தன் வயதுக்காரர்கள் தொடங்கினால்கூடத் தீக்ஷாவின் காலத்தில்தான் கிடைக்கும் என்றார். பாங்காக் கூட்டமைப்பு அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அவர்கள் அறிக்கைகளுக்கு இப்போது இவரும் ஆதாரம் கோத்துக் கொடுக்கிறார்.

விஷயம் பரவிவிட்டது. கலிபோர்னியாவில் லிவர்மோர் கோவிலில் யாரோ யாரிடமோ அவர் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்தும் டெக்சாஸிலிருந்தும் போன் வருகிறது. போன மாதம் நான் அவர் வீட்டில் இருந்தபோது ஹூஸ்டனிலிருந்து ஒரு பெண் பேசினார். திருநெல்வேலிப் பக்கம் ஆற்று மணல் அள்ளுவதை எதிர்த்த தம்பியை வீடு புகுந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐ.நா.வுக்கு எழுத வேண்டும், இன்றைக்கே எழுத வேண்டும் என்றார். அழுதுகொண்டே பேசினார்.

வான்மதி முழுவதும் கேட்டார். தம்பி இப்போது எங்கே இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். தனியாக இல்லை என்று தெரிந்ததும், "இத எழுதறதப் பத்தித் தம்பிகிட்டப் பேசினீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். அவனுக்குத் தெரிஞ்சா வேண்டாம்னுதான் சொல்லுவான்."

"சொல்லட்டும். ஏன் வேண்டாம்னு கேளுங்க. அதுல எதாவது இருக்கும். நான் மெட்ராஸ்ல ஒரு வக்கீல் நம்பர் தரேன், அவங்க இன்னைக்கே பேசுவாங்க. நீங்க தம்பிகிட்டப் பேசிட்டு என்னைக் கூப்பிடுங்க. எழுதறதுன்னா நாம எல்லாரும் சேர்ந்து எழுதலாம்."

நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார். அந்தப் பெண் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. வக்கீல் பர்வதம் மட்டும், தம்பியிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் நேரில் போகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.